பத்து எழுத்து

எழுத்துக்கு ஒன்றேகால் டாலர்.
எண் என்றால் தனிக்கணக்கு:
கதவளவு உயரம், கறுப்பு விளிம்போடு பதினெட்டு.
வெர்னா ஸ்டோல்ப் இதைச் சொல்லும்போது
வாயில் தூரிகை இருக்கும்.
ஆகவே யாரும் பேரம் பேசியதில்லை.

வியாழன் இரவு. விஸ்கான்சின்.
மாட்டுக் கொட்டகையில்
மாடு நிற்க வேண்டிய இடத்தில் ஒரு ஷெவெல் கார்,
நாளை களிமண் தடத்தில் ஓட வேண்டியது.
கதவுக்கு மேலே, கூரைக்குக் கீழே
ஓட்டுகிறவன் பெயருக்கு ஒதுக்கிய இடம்
ஒரு முழம்.
போன வருஷம் அதில் டெஸ்கே. ஐந்தெழுத்து.
கால் நீட்டிப் படுத்திருந்தான்.
இப்போது வந்திருப்பவன்
காசிமிர் ப்ஷிபில்ஸ்கி.

அவர்கள் எழுத்தில் எழுதினால் பத்து.
எடுத்த எடுப்பில் மூன்று மெய்,
ஒன்றன் முதுகில் ஒன்று, மூச்சுவிட வழியில்லாமல்.
பத்துக்கும் சேர்த்து உயிர் மூன்று,
அதிலும் இரண்டு
ஒய் என்கிற அரை உயிர்.

“காஸ் என்று மட்டும் போடுங்கள், போதும்”
என்றான் அவன், சட்டைப்பையைத் தடவி.
“முழுசாகப் போடுங்கள்” என்றாள் ஜோரீன்.
“கல்யாணமான நாளிலிருந்து
எத்தனை படிவத்தில் நான் எழுதுகிறேன்,
ஒரு கார் எழுதட்டுமே.”

வலப்பக்கம் சுலபம்.
எழுத்து ஓடும் திசையும் கார் ஓடும் திசையும் ஒன்று.
கொஞ்சம் முன்னால் சாய்த்தால்
நிற்கும்போதே வேகம்.
இடப்பக்கம்தான் வம்பு.
அங்கே கடைசி எழுத்து வால்பக்கம்;
முன்னோக்கிச் சாய வேண்டுமென்றால்
ஒவ்வொன்றும் பின்னுக்குச் சாய வேண்டும்,
எதிர்காற்றில் குடை பிடித்தவன் மாதிரி.
மணிக்கட்டு ஒத்துக்கொள்ளாது.
மற்றவர்கள் நேராக எழுதிவிட்டுப் போய்விடுவார்கள்.
தடம் இடமாகவே சுற்றுகிறது,
ஜனம் வெளியே வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறது,
இடப்பக்கத்தைப் பார்ப்பது யார்?
நடுத்திடலில் நிற்கும் ஆம்புலன்ஸ்காரன்.
வெர்னா அவனுக்காக
இரண்டரை மணிவரை விழித்திருந்தாள்.

வெள்ளி. பதினோராவது சுற்று, நான்காம் வளைவு.
பின்பக்கம் வழுக்கி
வலது புட்டம் சுவரில் உரசி,
பொறி,
பிறகு கார் எதுவும் நடக்காததுபோல் நேரானது.
மேலே கூண்டில் மைக்கோடு லோவெல்.
மூன்று வாரமாய் “ப்ரிஸ்... ப்ரிஜ்... நாற்பத்தாறு!”
என்று ஒப்பேற்றிக்கொண்டிருந்தவன்
மிஞ்சிய எழுத்தைப் படித்தான்:
“ஸ்கி!”
ஏழு போயிருந்தது. மெய் இரண்டு, உயிர் ஒன்று பாக்கி.
ஜூலைப் புழுக்கத்தில் கூட்டம் எழுந்து
“ஸ்கி! ஸ்கி!” என்றது,
பனி கேட்பதுபோல்.
அவன் ஒன்பதாவதாய் வந்தான்.

அடுத்த வியாழன்:
“இப்படியே இருக்கட்டுமே. ஜனம் கூப்பிடுகிறது.”
பியர் வாங்கும் வரிசையில்கூட
முதல்முறையாகக் கூப்பிட்டார்களாம்.
ஜோரீன் பதில் சொல்லவில்லை.
பெயின்ட் டப்பாவின் மூடிமேல்
எட்டு டாலர் எழுபத்தைந்து சென்ட்
எண்ணி வைத்தாள். சென்ட் எல்லாம் சில்லறை.
அவன் அதைப் பார்த்தான்.
பிறகு விளக்கைக் கொஞ்சம் கிட்டே நகர்த்திப் பிடித்தான்.

புதிய ஏழும் ரத்தச் சிவப்பு,
பழைய மூன்றும் மண் குடித்த சிவப்பு.
கலந்து பார்த்தாள், சேரவில்லை. விட்டுவிட்டாள்.

வெள்ளி மாலை, கார்கள் நிற்கும் இடத்துக்கு
ஒரு துண்டுக் காகிதத்தோடு வந்தான் லோவெல்.
வலப்பக்கம் இன்னும் ஈரம், துணி மூடியிருந்தது.
சுற்றிவந்து இடப்பக்கம் குந்தி
கீறல் படாத பத்தையும்
ஒவ்வொன்றாய் எழுதிக்கொண்டான்.
“இதை எப்படித்தான் சொல்வது?”
ஜோரீன் சொன்னாள்.
“ப்ஷி,” என்றான் அவன், பூனையைக் கூப்பிடுவதுபோல்,
“ப்ஷி, ப்ஷி” என்றபடியே படியேறிப் போனான்.

அன்று மூன்றாம் சுற்றில்
ஒருமுறை, முழுசாக, சரியாகச் சொன்னான்.
இருபத்திரண்டு என்ஜின்
அப்போதுதான் நேர்தடத்துக்குத் திரும்பின.
ஒருவர் காதிலும் விழவில்லை.